பெருமுக்கல் அம்மா வாங்கிவந்த மூன்று கொட்டேஷன்

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் ஆலைக் கேன்டீனுக்கு டீ மட்டும் வந்தது. கூடத் தின்ன ஒன்றும் வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் காலித் தட்டுகளைப் பார்த்தார்கள், பிறகு என் அறை ஜன்னலைப் பார்த்தார்கள். பர்ச்சேஸ் அதிகாரி பிழைப்பு அப்படித்தான். ஒழுங்காக வந்து சேர்ந்த ஆயிரம் பொருளை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வராமல் போன ஒரு வடைக்கு ஆலையே நம்மைத் தேடும்.

திண்டிவனத்தில் எங்களுக்கு வழக்கமாகப் பலகாரம் போடும் பேக்கரிக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைவசம் இருந்த மற்ற இரண்டு சப்ளையர்களுக்கும் போட்டேன். அவர்களும் எடுக்கவில்லை. இந்த நேரத்தில் ஸ்டோர் கீப்பர் தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் தலையைச் சொறிந்தால் ஏதோ தெரிந்துவைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

"மேடம், பேக்கரிக்காரரோட மச்சான் பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணம். அல்லாரும் மண்டபத்துல இருப்பாங்க."

"சரி, அவரு போயிருப்பாரு. மத்த ரெண்டு பேருக்கும் என்னா வந்துது?"

"அந்த மச்சான்தான் மேடம் ரெண்டாவது சப்ளையரு. மூணாவது ஆளு அவரோட சகலப்பாடி."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எங்கள் சப்ளையர்கள் மூன்று பேரும் ஒரே பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்தப் பொருளையும் மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொல்கிறவரிடம் வாங்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. விதியை எழுதியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது நடக்கும் விதமே வேறு. வழக்கமான ஆளைக் கூப்பிட்டு, "மூணு கொட்டேஷன் வேணுமே" என்போம். அவர் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். மறுநாளே மூன்று தாளோடு வருவார். மூன்று லெட்டர்பேடு, மூன்று ரப்பர் ஸ்டாம்பு, பேனா மட்டும் ஒன்று. அவருடைய விலை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். எல்லாருக்கும் திருப்தி. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இதுதான் நடைமுறை. பல ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்யாண நாள் வரை இதில் என்ன குறை என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. மூன்று கால் இருக்கிறதென்று நம்பி உட்கார்ந்த முக்காலிக்கு ஒற்றைக் கால்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். இனிமேல் சப்ளையர் டைவர்சிட்டி வேண்டுமாம். அதாவது ஒரே வட்டத்துக்குள் வாங்கக் கூடாது. சிறியவர்கள், பெண்கள், இதுவரை உள்ளே வர வாய்ப்பே கிடைக்காத சமூகத்தினர் என்று பலரிடமும் வாங்க வேண்டும். எங்கள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதெல்லாம் நமக்கு பேஜாரும்மா. எதுனா ஒண்ணு பேருக்குக் காட்டிடுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வேலை கூடினால் முகம் வாடும் ரகம், அவ்வளவுதான்.

செய்தி பேக்கரிக்காரர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மறுவாரமே சம்சாரத்தை அழைத்துக்கொண்டு வந்தார். "மேடம், நம்ம பேக்கரி இப்ப இவங்க பேர்ல இருக்குது. பெண் தொழிலதிபர்" என்றார். அந்த அம்மா வந்ததிலிருந்து கிளம்பும்வரை எங்கள் டீ நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. கேன்டீன் டீயைப் பாராட்டிய ஒரே மனுஷி என்பதால் அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் மாலைப் பலகார ஆர்டரைப் புதுப்பிக்கவில்லை.

நான் குடியிருப்பது விழுப்புரத்தில். தினமும் காலை ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து கம்பெனி வண்டியில் ஆலைக்குப் போவேன். ஒரு லீவு நாளில் விழுப்புரத்தில் மகளிர் குழுக்களின் விற்பனை நடந்தது. பொடி, ஊறுகாய், துணிப்பை என்று வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். ஒரு கடையில் மட்டும் கூட்டம் நின்றது. வேகவைத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பைக் கொழுக்கட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல். விற்ற அம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். கை ஒரு பக்கம் பொட்டலம் மடித்துக்கொண்டே இருந்தது, வாய் ஒரு பக்கம் கூட்டத்தை அதட்டிக்கொண்டே இருந்தது. "தள்ளி நில்லு சார், அல்லாருக்கும் கீது!"

ஒரு கொழுக்கட்டை வாங்கித் தின்றேன். பிறகு இன்னொன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன். பெருமுக்கல் மலைக்குக் கீழே ஒரு ஊர், அதன் காலனிப் பக்கம் வீடு. குழுவில் கடன் வாங்கிப் பெரிய அடுப்பும் கிரைண்டரும் போட்டிருக்கிறார்கள். ஆனால் தினசரி விற்பனை இல்லை. அதனால் அவர் இன்னும் விடியற்காலை பஸ் பிடித்து, ஹைவே ஓட்டல் ஒன்றில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "அங்க நின்னு நின்னு காலு ரெண்டும் வீங்கிப் போவுது மேடம். வூட்டுல அடுப்பு சும்மா கெடக்குது" என்றார். நான் எங்கள் ஆலையைப் பற்றிச் சொன்னேன். "தெனமும் சாயங்காலம் போடுவீங்களா? உங்க ரேட் என்னன்னு சொல்லுங்க."

அவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என் ரேட்டா?"

"ஆமாம், உங்க ரேட்தான்."

"என் ரேட்டையா கேக்கறீங்க?" என்று மறுபடியும் கேட்டார். காது மந்தமோ என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

ஆலைக்கு வந்து விவரம் கேட்ட அந்த அம்மாவிடம் ஸ்டோர் கீப்பர் வழக்கமான பாட்டைப் பாடியிருக்கிறார். "மூணு கொட்டேஷன் வேணும்மா. நீங்களே வாங்கிக்கினு வந்துடுங்க." சொல்லிவிட்டுக் கண்ணையும் காட்டியிருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் எந்த வியாபாரியும் அந்தக் கண் ஜாடையைப் புரிந்துகொள்வார். இந்த அம்மா வியாபாரத்துக்குப் புதுசு. ஸ்டோர் கீப்பருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாராம்.

அடுத்த வாரம் வந்தார். ஜாக்கெட்டும் புடவையும் கஞ்சி போட்டுத் தேய்த்தவை. என் மேஜைமேல் மூன்று கவரை வைத்தார். மூன்றும் ஒட்டியிருந்தன. மேனேஜரும் பக்கத்தில் இருந்தார்.

முதல் கவரைப் பிரித்தேன், அவருடையது. விலை நியாயமாக இருந்தது. இரண்டாவது திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன மெஸ் நடத்தும் ஒரு அம்மாவுடையது. வேறு கையெழுத்து, வேறு மை, மேலே சிலுவைக் குறி போட்டு ஆரம்பித்திருந்தார். விலை கொஞ்சம் கூடுதல். அடடா, ஜோடனை பலமாக இருக்கிறதே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மூன்றாவது கண்டமங்கலம். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விலை இவருடையதைவிடக் குறைவு.

"ஏம்மா, இது யாரு?"

"கண்டமங்கலத்துல இருக்கறாங்க மேடம். விழுப்புரம் ட்ரெய்னிங்ல பழக்கம். பாண்டிக்கு ஓட்டல் வேலைக்குப் போய்க்கினு இருந்தாங்க, இப்ப வூட்டுலயே முறுக்கு சுட்டு விக்கறாங்க."

"நெசமா அவங்களே எழுதினதா?"

"பின்ன? நேர்ல போயி கேட்டு வாங்கியாந்தேன்."

"நீங்க பிரிச்சுப் பாக்கலையா?"

"அடுத்தவங்க கவர பிரிக்கலாமா மேடம்?"

ஸ்டோர் கீப்பர் தலையைச் சொறிய ஆரம்பித்தார். அவர் சொன்னதன் அர்த்தம் அக்கம்பக்கம் யாரையாவது பிடித்து இரண்டு தாள் எழுதிக்கொண்டு வா என்பது. இவர் பஸ் ஏறிப் போய்த் தன்னோடு போட்டி போட உண்மையாகவே இரண்டு பேரைக் கூட்டிவந்துவிட்டார். அதில் ஒருவர் ஜெயித்தும்விட்டார். மேனேஜர் தாள்களை ஒரு தட்டுத் தட்டி அடுக்கினார். "அப்புறம் என்ன, விதிப்படி கண்டமங்கலத்துக்குப் போட்டுடுங்க" என்றார். அவருக்கு வேலை முடிந்தது.

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ஓட்டல்ல சொல்லிட்டேனே மேடம், இனிமே வர மாட்டேன்னு" என்றார். அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவர்மேல்தான் வந்தது. "யாராச்சும் போட்டிக்காரியக் கையப் புடிச்சு இட்டுக்கினு வருவாங்களாம்மா? ஆர்டரு கைக்கு வர்றதுக்கு முன்னாடி யாரு உங்கள வேலைய வுடச் சொன்னது?" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு ஆபீஸ் தமிழ் ஓடிப்போய்விடும். பிறகு கோபம் ஸ்டோர் கீப்பர் பக்கம் திரும்பியது. கடைசியில் மேனேஜரிடம் வந்து நின்றது. அவர் எனக்கு மேலதிகாரி என்பதால் அங்கே மட்டும் குரலைக் குறைத்துக்கொண்டேன்.

"சார், நம்ம ஆயுசுல முதல்முறையா உண்மையான மூணு கொட்டேஷன் வந்திருக்கு. அவசரப்பட வேண்டாம். நாளைக்கு மூணு பேரையும் கூப்பிட்டுப் பேசிக்கறேன்."

"பேசுங்க. ஆனா விதி விதிதான்" என்றார்.

விதியை நானும் மீறச் சொல்லவில்லை. இரக்கப்பட்டு ஆர்டர் கொடுத்தால் அது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே கண்டமங்கலத்து அம்மாவுக்குப் போன் போட்டேன். தினமும் சூடாகச் சுண்டலும் கொழுக்கட்டையும் ஆலை வாசலில் இறக்க முடியுமா என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு. "அய்யோ மேடம், அதெல்லாம் ஆவாது. ரெண்டு பஸ்ஸு மாறி வர்றதுக்குள்ள கெட்டுப் பூடும். முறுக்கு, தட்டைன்னா டின்னுல கொண்டாருவேன். அதத்தான் அந்த அக்கா கிட்டயும் சொன்னேன்." தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். விலை முறுக்குக்கும் தட்டைக்கும்தான். நாங்கள்தான் கேட்கும்போது பொதுவாக மாலைப் பலகாரம் என்று மொட்டையாகக் கேட்டிருந்தோம். ஒரே குடும்பத்திடம் வாங்கியவரையில் இன்ன பலகாரம் என்று பிரித்துக் கேட்கும் வேலையே எங்களுக்கு இருந்ததில்லை.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். வேகவைப்பது, பொரிப்பது, நாள்பட வைத்திருப்பது என்று தனித்தனியாகப் பிரித்து மறுபடி விலை கேட்டேன். வேகவைப்பதில் பெருமுக்கல் குறைவு. முறுக்கு வகையில் கண்டமங்கலம் குறைவு. போண்டா, பஜ்ஜியில் மெஸ் அம்மாவை யாரும் தொட முடியவில்லை. ராத்திரி ஷிப்டுக்கு பன் பேக்கரிக்காரரிடமே இருக்கட்டும் என்று விட்டேன். அவர் பன்னைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, நல்ல பன். மேனேஜர் மட்டும், "ஒருத்தர் இருந்த எடத்துல நாலு பேரு, நாலு பில்லு, நாலு பேச்சு" என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே முன்னால் மாதிரிக்கு வைத்திருந்த தட்டு மல்லாட்டையை முழுசாகக் காலி செய்தார். தொலி மேஜையில் குவிந்தது. கையெழுத்தும் போட்டார்.

பெருமுக்கல் அம்மாவுக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப எனக்கும் ஆர்டரு கீதுங்களா மேடம்?" என்றார். இருக்கிறது என்றேன். உடனே மற்ற இருவரிடமும் திரும்பி, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே" என்றார். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

முதல் நாள் சுண்டல் வந்து இறங்கியபோது ஒரு சூப்பர்வைசர் என் அறைக்கு வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அந்தம்மா ஊரா மேடம், காலனியா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பச்சையாகக் கேட்க வேண்டியதில்லை. "ஏன் சார், சுண்டலுக்கு எந்தத் தெருன்னு சீட்டு ஒட்டி அனுப்பணுமா?" என்றேன். அவர் போய்விட்டார். ஆனால் அன்றைக்குச் சில தட்டுகள் தொடப்படாமல் திரும்பின. எடுத்துப்போக வந்த அந்த அம்மாவுக்குக் காரணம் புரியாமல் இருக்குமா? மிச்சத்தைப் பாத்திரத்தில் கவிழ்த்துக்கொண்டு, "நாளிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா போடறேன் மேடம்" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

சிலர் நாளாக நாளாக மாறினார்கள். கொழுக்கட்டை வாசனைக்கு மாறினார்களா, பசிக்கு மாறினார்களா என்று நான் ஆராயவில்லை. அந்த சூப்பர்வைசர் இப்போது கேப்பைக் கொழுக்கட்டை நாளில் வரிசையில் முன்னால் நிற்கிறார். இரண்டு பேர் மட்டும் இன்றைக்கும் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறார்கள். அந்த பிஸ்கட்டை எந்தத் தெரு ஆள் சுட்டாரென்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்டால் பிஸ்கட்டையும் விட்டுவிடுவார்களோ என்று சும்மா இருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பெருமுக்கல் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறிப் பஸ் நின்றுபோனது. பெருமுக்கல் அம்மாவின் போன் எனக்கு முன்னால் திண்டிவனத்து மெஸ் அம்மாவுக்குப் போயிருக்கிறது. அன்று சுண்டல் நாள். ஆனால் நேரத்துக்கு போண்டா வந்தது, கூட டின்னில் இருந்த முறுக்கு. மேனேஜர் ஒரு போண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு யார் வீட்லயும் கல்யாணம் இல்ல போல" என்றார். அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வருஷம் திரும்பியது. ஆர்டரைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. இந்தத் தடவை அவரவர் விலையை அவரவரே தரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பெருமுக்கல் அம்மா சீக்கிரமே வந்து, கேட்டுக்கு வெளியே புங்கமர நிழலில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சதை பிடித்திருந்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். இரண்டு டீ எடுத்துக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஏம்மா நெசமாவே அவங்க ரெண்டு பேருகிட்டயும் போனீங்க? பக்கத்து வூட்டுலயே ரெண்டு தாள் எழுதி வாங்கியிருக்கலாம். நீங்க செஞ்ச வேலைக்கு ஆர்டரே போயிருக்கும்."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"நடவுக்குப் போனா இதான் கூலின்னு அவங்க சொல்லுவாங்க மேடம். களைக்குப் போனாலும் அவங்கதான் சொல்லுவாங்க. ஓட்டல்லயும் இதான் சம்பளம், வந்தா வா, வராட்டிப் போ. பொறந்ததுலேந்து உன் ரேட்டு என்னான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க. அன்னிக்கி சோறு எறங்கல எனக்கு, அவ்ளோ சந்தோசம். அப்பறம் மூணு பேர கேக்கணும்னு ஸ்டோர் சாரு சொன்னாரு. சரி, இன்னும் ரெண்டு பேரையும் யாராச்சும் கேக்கட்டுமேன்னு நானே போயி கேட்டேன். உங்க ரேட்டு என்னான்னு கேட்டதும் அந்தக் கண்டமங்கலத்து அம்மா மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"அவங்க உங்களுக்குப் போட்டின்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சு. திரும்பி வர்ற பஸ்ஸுல தோணுச்சு. அதுக்குள்ள கவரு கைக்கு வந்துடுச்சே."

நானும் சிரித்தேன். ஆனால் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் வீடு நிலம் வைத்திருக்கும் வீடு. நடவு நாளில் கூலியைச் சொல்வது அப்பா. அவர் சொல்வார், வரப்பில் நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். பிறகு வேலைக்கு வந்து, காலை முதல் மாலை வரை போனில் உங்க ரேட் என்ன, உங்க ரேட் என்ன என்று ஹலோ சொல்வதைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது ஒருத்தருக்குச் சோறு இறங்காத சந்தோஷத்தைக் கொடுக்கும் வார்த்தை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"சரிம்மா. இந்த வருஷத்துக்கு உங்க ரேட் என்ன?"

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சொன்னார். போன வருஷத்தைவிட நன்றாகவே ஏற்றியிருந்தார்.

"ரொம்ப ஜாஸ்தி" என்றேன்.

"மல்லாட்டை விக்கற வெலைக்கு இதுக்கு மேல கொறைக்க முடியாது. என் ரேட்டு அதான் மேடம்" என்றார் அதட்டலாக.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, பேரம் பேச வசதியாக அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.